மினுக்கு மட்டும் போதுமா?

நம்ம காஞ்சிபுரத்துல பட்டுப்புடவையின் பளபளப்பைப் பார்த்து மட்டும் யாரும் ஏமாற மாட்டோம். சரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியுதான்னு பார்ப்போம். ஆனால் வீட்டு ஆம்பிளைகளோ பைக் விஷயத்தில் மினுக்கிலேயே மயங்கி விடுகிறார்கள்!

1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் பழைய புல்லட் என்றால் கேட்கவே வேண்டாம். நெசவுக் கூலியில் சேர்த்த பணத்தை எடுத்து, எஞ்சினுக்குப் பாலிஷ், பெயின்ட் என்று கொட்டுகிறார்கள். அது காற்றால் குளிரும் எஞ்சின். சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக இருக்கும் தகடுகள் வழியாகத்தான் சூடு வெளியேறும். அங்கே கண்ட பெயின்ட்டைத் தடிமனாக அப்பினால் சூடு உள்ளேயே தங்கும். பெயின்ட்டும் கருகி உரிந்துவிடும். சூடு தாங்கும் பெயின்ட்டை மெல்லிசாக அடித்தால் போதும். அழுக்கு போக காஸ்டிக் சோடா போட்டால் அலுமினியத்தையே அரித்துவிடும்.

அழகு வேண்டாம்னு சொல்லவில்லை. அந்த வண்டியில்தானே நாமும் பிள்ளைகளும் உட்கார்ந்து போகிறோம்? முதலில் பிரேக் ஷூ, டயர், செயின். மிச்சமிருந்தால் மினுக்கு. பணத்தை எடுத்துக் கொடுக்கும் முன்பே இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், தோழிகளே!

- ஒரு வாசகி, காஞ்சிபுரம்.