வெளியேற வேண்டியவர் யார்?

அடித்த கை வகுப்பிலே இருக்கிறது. அடிபட்ட பிள்ளை வீட்டு மூலையிலே கிடக்கிறது. ஆனால், “ஏன் பள்ளிக்கு வரவில்லை?” என்ற கேள்வியோ அடிபட்ட பிள்ளையை நோக்கியே பாய்கிறது! இது என்ன நீதி?

கல்வியிலே சிறந்த நாடென்று உலகம் புகழும் ஜப்பானைப் பாருங்கள். பள்ளிக்குப் போக மறுத்த பிள்ளையைச் சோம்பேறி என்றனர் சிலர். நோயாளி என்றனர் சிலர். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் புகலிடமாக 1985இல் எழுந்தது, ‘டோக்கியோ ஷூரே’ எனும் கல்விக்கூடம். அங்கே அதட்டல் இல்லை. எதைப் பயில்வதென்று பிள்ளைகளே கூடிப் பேசினர். இத்தகைய கூடங்கள் பின்னர் நாடெங்கும் பெருகின.

2011இல் ஓட்ஸு நகரிலே, சக மாணவரின் கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுவன் உயிர் துறந்தான். நாடு கொதித்தது, 2013இல் கொடுமைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 2016இல் வந்த மற்றொரு சட்டம், பள்ளிக்கு வெளியே பயில்வதும் கல்வியே, நொந்த பிள்ளைக்கு ஓய்வும் தேவையே என்று ஏற்றது.

நல்ல சட்டந்தான்! ஆனால் செலவு யாருடையது? 2015இல் அரசே எடுத்த கணக்கின்படி, அக்கூடங்களின் சராசரி மாதக் கட்டணம் சுமார் 33,000 யென். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் புகலிடம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மூலை! 2024இல்தான் டோக்கியோ மாநகர அரசு, மாதம் 20,000 யென் வரை உதவ முன்வந்தது. நோயும் வறுமையும் காரணமாக இன்றி, 2023ஆம் கல்வியாண்டில் 30 நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 3,46,000க்கும் மேல். அத்தனை பேரும் கொடுமைக்கு ஆளானவர் அல்லர். எனினும், அத்தனை பேரையும் இழுத்து நிறுத்தத் தெரியாத பள்ளியைக் குறை கூறாதிருக்க முடியுமா?

“தனிக்கூடம் அமைத்தால், கொடுமைக்கு அஞ்சி ஓடுவதாகாதா?” என்பர் சிலர். கால் முறிந்தவனுக்குக் கட்டுப் போடுவது கோழைத்தனமா? கட்டும் வேண்டும், முறித்த கையைத் தடுக்கவும் வேண்டும். கட்டுப் போட்டோம், கடமை முடிந்தது என்று பள்ளி கைகழுவுமானால், அந்தப் புகலிடமே நாடுகடத்தலாகிவிடும்.

ஆகவே நமது கோரிக்கை இரண்டு: மாற்றுக்கல்வி அரசின் செலவில் கிடைக்கும் உரிமையாகட்டும், விட்டுவந்த பள்ளி திருந்தும் பொறுப்பை ஏற்கட்டும்.

தோழர்களே! உங்கள் தெருவிலே ஒரு பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால், “ஏன் போகவில்லை?” என்று அதட்டாதீர்கள். “உன்னைப் போகவிடாமல் செய்தது எது?” என்று கேளுங்கள். நீதி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.