நந்திக்கடல்: இறாலுக்குக் காவல், இறால் பிடிப்பவருக்கு வேலி

வட்டுவாகல் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் நந்திக்கடல். மறுபக்கம் மணல்திட்டும் அதற்கப்பால் பெருங்கடலும். 2009 மே மாதம் இவ்வழியால் கடந்து வந்தவர்களுக்கு இந்த இடம் எதை நினைவூட்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இங்கே பேச வந்தது, அந்த நீரேரியை நம்பி இன்றும் வாழ்பவர்களைப் பற்றி.

கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடும். நீர் வற்றி உப்பு ஏறும். மாரி மழையில் பேராற்று வெள்ளம் வந்து சேர, முகத்துவாரம் உடையும் அல்லது வெட்டிவிடப்படும். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் அந்த நேரத்தை நம்பித்தான் இறாலின் வாழ்வு இருக்கிறது. கடலில் பொரிக்கும் குஞ்சுகள் களப்புக்குள் வந்து, கண்டல் வேர்களுக்கும் நீர்த்தாவரங்களுக்கும் இடையில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. நண்டும் திரளியும் நாரையும் கூழைக்கடாவும் இந்த ஒழுங்கிலேயே பிழைக்கின்றன. வீச்சுவலையோடு இறங்குபவரும் அப்படித்தான்.

2017 ஜனவரியில் 4,141 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பை இயற்கை ஒதுக்கமாக அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்தது. களப்பைக் காப்பது தவறல்ல. ஆனால் தங்களுடைய வயல்களும் உறுதிக்காணிகளும் எல்லைக்குள் அகப்பட்டுவிட்டன என்பது மக்களின் முறைப்பாடு. முகாம்களிலிருந்து மீள்குடியேறிச் சில வருடங்களில் வந்த கோடு அது. சேறு படிந்து ஆழம் குறைந்த களப்பை ஆழப்படுத்துங்கள் என்று மீனவர்கள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். இப்போது அதற்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் வாசலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

மன்னாரைப் பாருங்கள். விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமானது. கண்டல் காடும் கடற்புல்லும் நிறைந்த கரை அது. 2024 மே மாதம் அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீருயிரின வளர்ப்புக்காக விடுவித்து வர்த்தமானி வெளியானது. சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள்; நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்குச் சிக்கல் தெரிகிறது. ஒதுக்கத்தின் எல்லை மாற்ற முடியாத ஒன்றல்ல. முதலீடு கேட்டால் அது நகர்கிறது. வயல்காரர் கேட்டால் மட்டும் சட்டம் குறுக்கே நிற்கிறது.

"காணியை விடு" என்று சொல்வதற்காக "காட்டை அழி" என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. கண்டல் போனால் முதலில் வெறுமையாவது எங்கள் வலைதான். கேட்க வேண்டியவை மூன்று: மக்களை வைத்துக்கொண்டு எல்லையை மீள அளவிடுவது, உறுதிக்காணிகளை விடுவிப்பது, முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது, எங்கே ஆழப்படுத்துவது என்ற முடிவுகளில் மீனவர் சங்கங்களுக்கு இடம் கொடுப்பது.

எந்த மழைக்கு எந்தப் பக்கம் உடையும் என்று அந்தக் கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். எல்லைக்கோடு போட்டபோது அவர்களிடம் கேட்டிருக்கலாம். இப்போதும் கேட்கலாம்.