மெட்டுப் போடுகிறவர்களும் சரஸ்வதி கடாட்சமும்

நமது நாட்டில் ஒரு மனிதன் எந்தத் தொழிலில் கைதேர்ந்துவிட்டாலும், அவன் பாடுபட்டுக் கற்றான் என்று சொல்ல ஜனங்களுக்கு மனம் வருவதில்லை. பூர்வ ஜென்ம புண்ணியம் என்பார்கள். தெய்வ கடாட்சம் என்பார்கள். சினிமாப் பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவர்கள் விஷயத்தில் இந்தப் பைத்தியம் எல்லை கடந்துவிட்டது. சேலம், நாமக்கல் பக்கத்து டீக்கடைகளில் ராமநாதனா, மகாதேவனா, விஸ்வநாதனா, இளையராஜாவா என்று சண்டை நடக்கிறது. நடக்கட்டும், ஜாதிக்காகச் சண்டை போடுவதைவிடப் பாட்டுக்காகச் சண்டை போடுவது எவ்வளவோ மேல். ஆனால் கடைசியில் ஒருவர், "அவர் விரலில் சரஸ்வதி குடியிருக்கிறாள்" என்று சொல்ல, எல்லோரும் தலையாட்டுகிறார்களே, அதுதான் நமக்கு ஆட்சேபணை.

சேலத்துக்காரர்கள் இதில் ஏமாற நியாயமே இல்லை. பாட்டு உற்பத்தியாகிற விதத்தைத் தங்கள் ஊரிலேயே கண்டவர்கள் அவர்கள். திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் 1930-களில் ஏற்காடு ரோட்டில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸில் நூறு படங்களுக்கு மேல் தயாராயின. சுந்தரம் கண்டிப்புக்குப் பேர்போனவர். அவரிடம் கடாட்சம் வரட்டும் என்று காத்திருந்தால் பிழைப்பு நடக்குமா? இன்று ஸ்டூடியோ இல்லை. வாசல் வளைவு மட்டும் நிற்கிறது.

நம்மைக் கேட்டால் நமது ஓட்டு ஜி. ராமநாதனுக்கு. அவருடைய ஜாதியைச் சொல்லி, "உங்களுக்கா அவரைப் பிடிக்கும்?" என்று குறும்பு பேசுகிறவர்கள் உண்டு. பிறப்பினால் வித்தை வராது என்கிற நாம், பிறப்பைப் பார்த்து ஒருவர் வித்தையைத் தள்ளுவோமா? பிச்சாண்டார்கோவிலில் பிறந்து, அண்ணன் சுந்தர பாகவதரின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துத் தொழில் பழகியவர் அவர்.

1950-ல் சேலத்தில் எடுத்த 'மந்திரி குமாரி'யில், பெண்டாட்டியைக் கொல்ல மலை உச்சிக்கு அழைத்துப் போகிறவன் பாடுகிற கட்டம் ஒன்று. மருதகாசி எழுத, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடினார்கள். வேறொருவராயிருந்தால் இடி மின்னல் போல மெட்டுப் போட்டுத் தொலைத்திருப்பார். ராமநாதனோ உல்லாசமாக, குழைந்து குழைந்து அழைக்கிற மெட்டைப் போட்டார். வஞ்சகன் இனிக்க இனிக்கத்தானே பேசுவான்? கேட்கிறவன் வயிற்றில் புளியைக் கரைப்பது அந்த இனிப்புத்தான். இதில் சரஸ்வதிக்கு என்ன வேலை? மனித சுபாவத்தை யோசித்துப் பார்த்த மூளையின் வேலை அல்லவா இது!

கே.வி. மகாதேவனும் 1942-ல் மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'மனோன்மணி'யில் வேலை செய்து முன்னுக்கு வந்தவர்தான். 1967-ல் வந்த 'கந்தன் கருணை'க்காக, இசையமைப்புக்கென்று ஏற்பட்ட முதல் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. முருகன் படமானதால் முருகனே கொடுத்தான் என்பார்கள். நடுவிலிருந்த 25 வருஷ உழைப்பை யார் கணக்கில் எழுதுவது?

எல்லாம் பெருமையுமல்ல. 1965-ல் வந்த 'வல்லவனுக்கு வல்லவன்' முதலிய படங்களில் வேதா இந்தி மெட்டுகளை எடுத்துத் தமிழ் வார்த்தைகளை உட்கார வைத்தார். ஜனங்கள் ரசித்தார்கள், நாமும் ரசிக்கிறோம். ஆனால் அந்த மெட்டைச் செய்த பம்பாய்க்காரன் யாரென்று எத்தனை பேர் கேட்டார்கள்? பாட்டு சாமியிடமிருந்து வருகிறதென்று நம்புகிற ஊரில் மெட்டுக்குச் சொந்தக்காரனைத் தேட யாருக்குத் தோன்றும்?

இளையராஜா, சங்கீத சபைகள் எட்டிப் பார்க்காத பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி ஊர் ஊராய் அலைந்தார், தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் படித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராயிருந்தார். இவ்வளவுக்கும் பிறகுதான் 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. 2025 மார்ச்சில் லண்டனில் தமது சிம்பொனியை அரங்கேற்றினார். அவரே பக்திமானாயிற்றே என்பார்கள். அது அவர் சொந்த விஷயம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் காகிதத்தில் ஸ்வரம் எழுதிக் கொடுப்பது மனிதக் கைதானே?

கடாட்சப் பேச்சினால் மெட்டுப் போட்டவருக்கு ஒரு நஷ்டமுமில்லை. நஷ்டமெல்லாம் ராசிபுரத்துப் பக்கம் திருவிழாவில் பறையடிக்கிற பையனுக்குத்தான். தாளம் அவன் கையில் இருக்கிறது. "நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையடா" என்று அவன் தகப்பனே சொல்லிவிடுகிறான். சேலத்தில் அரசாங்க இசைப் பள்ளி இருக்கிறது. நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். சரஸ்வதி பூஜைக்குப் பொரிகடலை வாங்கக் கடைவீதிக்கு வருகிற தகப்பன்மார், அப்படியே அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நடை போய் விண்ணப்பம் கேட்டு வாங்கலாம்.