மேட்டில் திணறும் பிக்கப்: பெரிய ஃபீட் பம்ப் மாட்டலாமா?

கேள்வி: "சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்குத் தொழு உரம் ஏற்றிப்போகும் பழைய டீசல் பிக்கப், கொண்டை ஊசி வளைவுகளில் இழுவை இல்லாமல் திணறுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகவும் நேரம் பிடிக்கிறது. பெரிய ஃபீட் பம்ப் மாட்டினால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா?"
- வாசகர், நாமக்கல் மாவட்டம்.

பதில்: உடனே மாட்ட வேண்டாம். இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால், டீசல் வரும் வழியில் அடைப்பு இருக்கிறதா, காற்று புகுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டேங்கில் உள்ள டீசலை இழுத்து, ஃபில்டர் வழியாக எஃப்.ஐ. பம்புக்குக் கொடுப்பதே ஃபீட் பம்பின் வேலை. என்ஜினுக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை எஃப்.ஐ. பம்ப்தான் தீர்மானிக்கிறது. மிஞ்சுவது ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். ஆகவே, மற்றவை சரியாக இருக்கும் வண்டியில் பம்பைப் பெரிதாக்குவதால் மட்டும் இழுவை அதிகரிக்காது.

அதேசமயம், டீசல் வரத்து குறைந்தால் நஷ்டம் பெரிது. பல எஃப்.ஐ. பம்புகளில் உள்பாகங்களுக்கு மசகாக இருப்பதும், சூட்டைத் தணிப்பதும் டீசல்தான். அமெரிக்காவில் 1998 முதல் 2002 வரை வந்த, 24 வால்வு கம்மின்ஸ் என்ஜின் கொண்ட டாட்ஜ் ராம் பிக்கப்புகளில் இதைப் பார்க்கலாம். அவற்றில் ஃபீட் பம்ப், டேங்கிலிருந்து தள்ளி என்ஜின் பக்கத்தில் இருந்தது. அது பலவீனமானதும், விலை கூடிய எஃப்.ஐ. பம்பும் கெட்டுப்போனது. டேங்குக்கு அருகில் வலுவான பம்பை மாட்டிக்கொள்வது அங்கே வழக்கமானது.

பம்பை மாற்றுவதற்கு முன் இந்த வரிசையில் சோதிக்கலாம்:

1. டேங்க் மூடி: திணறும்போது வண்டியை நிறுத்தி மூடியைத் திறக்கவும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி நன்றாக இழுத்தால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

2. டீசல் ஃபில்டர்: அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்கவும். ஃபில்டரை மாற்றிக் கெடு கடந்திருந்தால் புதிது போடவும்.

3. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடைப்பட்ட ஹோஸ்: இங்கே விரிசல் இருந்தால் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே சொட்டாமலும் இருக்கலாம். அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். டீசலைத் தாங்கும் கண்ணாடி ஹோஸ் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக இணைத்தால் குமிழிகள் தெரியும். காலையில் கைப்பம்பைச் சில முறை அழுத்தியதும் வண்டி ஸ்டார்ட் ஆனால், இரவில் டீசல் டேங்குக்கு இறங்கிவிடுகிறது என்று பொருள்.

4. ஃபீட் பம்ப்: உள்ளே இருக்கும் சல்லடை, வால்வு, ஸ்பிரிங் ஆகியவற்றைப் பார்க்கவும். பல பழைய பம்புகளுக்கு ரிப்பேர் கிட் போட்டாலே போதும்.

ஏற்றத்தில் கறுப்புப் புகை அள்ளினால் டீசல் குறைவு காரணமல்ல. ஏர் ஃபில்டர், நாசில் பக்கம் பார்க்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்து, லோடோடு ஓடும்போது கேஜில் பார்த்த அழுத்தம் கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே இறங்கினால், அப்போது பம்பை மாற்றலாம். எலெக்ட்ரிக் பம்ப் என்றால் டேங்குக்கு அருகில், முன்னால் ஒரு சல்லடையோடு மாட்ட வேண்டும். இழுப்பதைவிடத் தள்ளுவது அதற்கு எளிது. ஃபியூஸ், ரிலே அவசியம். என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்படி ஒயரிங் இருக்க வேண்டும். கம்பெனி அளவுக்கு மேல் அழுத்தம் கொடுத்தால் சீல்கள் பழுதாகும்.

எச்சரிக்கை: காமன் ரெயில் வண்டியில் என்ஜின் ஓடும்போது எந்த டீசல் பைப்பையும் தளர்த்தக் கூடாது. அதில் 1,000 பார் அழுத்தத்துக்கு மேல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த வண்டிகளை ஸ்கேனர் உள்ள சர்வீஸ் சென்டரில் காட்டுவதே பாதுகாப்பு.

கேனில் டீசல் வாங்கி வைப்பவர்கள் அதைத் தெளியவிட்டு, அடியில் தங்குவதை ஒதுக்கி, வடிகட்டி ஊற்றினால் பம்புக்கும் நாசிலுக்கும் ஆயுள் கூடும்.