மாடு மேய்ப்பது இழிவோ?

'நீ மாடு மேய்க்கத்தான் ஏற்றவன்' என்னும் வசைமொழி தமிழ் வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வருகின்றது. கணக்கில் தவறியவனுக்கும் அதுவே. கையெழுத்துக் கோணியவனுக்கும் அதுவே. வகுப்பே நகைக்கின்றது. விடியலில் தொழுவம் கூட்டிவிட்டுப் பள்ளிக்கு வந்த மாணவன் மட்டும் நகைப்பதில்லை. தந்தையின் தொழிலை மறைத்துப் பேச அவன் அன்றே கற்றுக்கொள்கின்றான். தமிழாசிரியர் தரும் பாடம் இதுதானா?

கெடா மாநிலத் தோட்டங்களைப் பற்றி எழுதுவோர் பால்மரத்தை எழுதுவர். கள்ளுக்கடையை மறவாது எழுதுவர். லயத்தின் பின்புறமிருந்த மாட்டுக்கொட்டகையை எழுதுவார் அரியர். பீடோங், கூலிம், பாலிங் வட்டாரத் தோட்டங்களில், பிரட்டுக்குச் செல்லுமுன் பால் கறந்து, பிற்பகலில் மந்தை ஓட்டிய குடும்பங்கள் பல. கூலி அரிசி பருப்போடு தீர்ந்தது. மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் கைகொடுத்தது பசுவே. கன்றை விற்ற பணத்தில் கற்று ஆசிரியரானோரும் உளர். அவருள்ளும் சிலர் அதே வசையைத் தம் மாணாக்கர் மீது வீசுவதை என்னென்பது! நம் முன்னோர் கொணர்ந்த மாடுகளின் வழிவந்தவற்றைக் கால்நடைத் துறையினர் 'உள்ளூர் இந்தியக் கறவையினம்' எனத் தனியே வகுத்துப் போற்றுகின்றனர். மாட்டுக்குக் கிடைத்த மதிப்பு மேய்த்தவனுக்குக் கிடைக்கவில்லை.

ஆங்கிலப் படநூலில் நியூசிலாந்துப் பண்ணைக் குடும்பத்தைக் கண்டால் வியக்கின்றோம். மட்டக்குதிரை மீதமர்ந்த சிறுவன், மந்தையை மடக்கும் நாய், மாலையில் ஒன்றுகூடி வழிபடும் குடும்பம்; அஃது இனிய வாழ்வாம். சுங்கை பட்டாணிக்கு அருகே கையில் கோலும் பின்னே ஒரு நாட்டு நாயுமாக மாடு திருப்பும் தமிழ்ச் சிறுவனின் வாழ்வு இழிந்ததாம்! இது தொழில் பற்றிய கருத்தன்று. அடிமை மனத்தின் எச்சம்.

முல்லைத் திணையைக் கரும்பலகையில் எழுதி ஆயர் வாழ்வைப் புகழ்கின்றோம். நெய்க்குப் பொன் பெற மறுத்து எருமையும் பசுவும் கேட்டு வாங்கும் ஆய்மகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. திருமூலர் புகுந்தது மூலன் என்னும் ஆயனின் உடலில். இயேசு பிறந்த செய்தி முதலில் எட்டியது இரவில் மந்தை காத்த இடையர்க்கு. தமிழ்க் கத்தோலிக்கர் தம் மறைமாவட்டத் தலைவரை 'ஆயர்' என்றே அழைக்கின்றனர். கோவிலிலும் தேவாலயத்திலும் உயர்ந்த சொல், பள்ளியில் மட்டும் தாழ்ந்தது எங்ஙனம்?

'பிள்ளைகள் கொட்டிலிலேயே கிடக்க வேண்டுமோ?' என்பர் சிலர். வேண்டா. மேய்ச்சலுக்காகப் பள்ளிக்கு வாராதிருப்பது தவறே. அதற்குப் பெற்றோரிடம் பேச வேண்டுமேயன்றித் தொழிலைப் பழித்தல் மருந்தாகாது. கல்வியே கேடற்ற செல்வம் என்று கூறும் நானூறாம் குறளும் செல்வத்துக்கு 'மாடு' என்னும் சொல்லையே ஆள்கின்றது.

பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தபோது, இளங்குருத்தைக் கடிக்கும் என்று பல தோட்டங்கள் மாடுகளை விலக்கின. அவ்வச்சத்தில் நியாயமும் உண்டு. பின்னர், வளர்ந்த செம்பனையின் கீழ் முறைவைத்து மேய்த்தால் களைக்கொல்லிச் செலவு குறையும் என ஆய்வாளர் கண்டனர். கோலும் நாயும் செய்த காவலை அங்கே மின்வேலி செய்கின்றது.

பசு 21 நாளுக்கொருமுறை பருவத்துக்கு வரும், ஏறத்தாழ 280 நாள் சினை சுமக்கும், வாயில் நுரையும் குளம்பில் புண்ணும் கண்டால் கோமாரி என்பனவற்றை மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளை நூலின்றியே அறியும். இவ்வறிவுக்குத் தேர்வுத்தாளில் இடமில்லை. ஆயினும் கட்டுரை ஏட்டில் 'எங்கள் தொழுவம்' என்றொரு தலைப்புத் தருவதற்கு எந்த அமைச்சின் ஒப்புதலும் வேண்டியதில்லை.