சாட்சியும் சான்றிதழும்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, திருத்தங்கலில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து ஜெப வீட்டில் அப்பத் தட்டு வரிசையாகக் கைமாறி வரும். என் அம்மாவிடம் வரும்போது அவர் எடுக்க மாட்டார். அடுத்திருப்பவர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். 27 ஆண்டுகளாக இப்படித்தான். ஞானஸ்நானம் வாங்காதவர்களுக்குத் திருவிருந்து இல்லை. அம்மா ஞானஸ்நானம் வாங்கவில்லை. வாங்காததற்குக் காரணம் நான். சரியாகச் சொன்னால், என் சாதிச் சான்றிதழ்.

நாங்கள் பறையர் குடும்பம். அம்மா பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறார். ஆலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். "நீ படிச்சு முடிய்யா, அப்புறம் நான் தண்ணிக்குள்ள இறங்கிக்கிறேன்" என்பார். பள்ளி முடிந்தது, கல்லூரி முடிந்தது, முதுகலை முடிந்தது. இப்போது முனைவர் பட்ட ஆய்வு, அதற்கான உதவித்தொகை. நான் ஒவ்வொரு படி ஏறும்போதும் அம்மா இறங்க வேண்டிய தண்ணீர் தள்ளிப் போகிறது.

அண்மையில் ஒரு ஞாயிறு. போதகர் பேதுருவின் கதையை எடுத்தார். சேவல் கூவுமுன் மூன்று முறை மறுதலித்த பேதுரு. "ஒரு துண்டுக் காகிதத்துக்காக ஆண்டவரை மறுதலிக்கிறவங்க இங்கேயும் உட்கார்ந்திருக்கீங்க" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அன்று இரவு சாப்பிடவில்லை.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன் அல்ல. ஆனாலும் கேட்கிறேன்: கிறிஸ்துவை நம்பிப் பின்பற்றுவதற்கு இந்த நாட்டில் யார் விலை கொடுக்கிறார்கள்? யார் இலவசமாகப் பின்பற்றுகிறார்கள்?

முதலில் அரசை எடுத்துக்கொள்வோம். 1950 ஆகஸ்ட் 10இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தைச் சேர்ந்த எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர், எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். 18 சதவீதத்தில் இருந்தவர் 26.5 சதவீதத்துக்குள் போய், நிலமும் கடையும் கல்லூரியும் வைத்திருக்கும் சாதிகளோடு போட்டி போட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கைவிட்டுப் போகும். சாதி சொல்லித் திட்டித் தாக்கினார்கள் என்று புகார் கொடுத்த ஒரு போதகரின் வழக்கில், மதம் மாறியவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடித்தவனுக்கு அவர் சாதி தெரிந்திருந்தது. சட்டத்துக்குத்தான் தெரியவில்லை.

இதே தமிழ்நாட்டுப் பட்டியலில் நாடார் என்ற இடத்தைப் பாருங்கள். கிறிஸ்தவ நாடாரும் அதே வரிசையில்தான் இருக்கிறார். கோயிலுக்குப் போனாலும் கோவிலுக்குப் போனாலும் அவர் சான்றிதழ் மாறாது. அதைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பட்டதும் இந்த மண்ணுக்குத் தெரியும். கோயில் நுழைவு கேட்டதற்காக 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. கமுதி கோயில் வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. சாமியின் வாசலில் தடுத்து நிறுத்தப்படுவது என்றால் என்ன என்று தெரிந்த ஊர் இது. அந்த ஊரில் இன்று ஒருவர் சாதி மாறாமல் கிறிஸ்துவைப் பின்பற்றலாம், இன்னொருவர் பின்பற்றினால் பிள்ளையின் படிப்பைக் கொடுக்க வேண்டும் என்றால், அந்தச் சட்டத்துக்கு என்ன பெயர்?

நீதிமன்றம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஆனால் அது சட்டத்துக்கு வைத்த பெயர் அல்ல, நமக்கு வைத்த பெயர். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையைப் பின்பற்றிக்கொண்டே வேலைக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்று 2024 நவம்பர் 26இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜெப வீட்டில் மறுதலிப்பு, நீதிமன்றத்தில் மோசடி. மேடை வேறு, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் ஒருவரே.

மதம் மாறியபின் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் கேட்டது. கேட்டவர் சூசை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர். அரசு கொடுத்த பெட்டிக்கடை கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. ஆதாரம் வேண்டுமா? திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவரைப் பாருங்கள். வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கம் என்று கட்டிய கோவிலைப் பாருங்கள். 1910இல் அதன் தடுப்பை இடித்தபோது வழக்குப் போட்டவர்கள் விசுவாசிகள். விழுப்புரம் பக்கம் எறையூரில் தனிப் பங்கு கேட்டார்கள் தலித் கிறிஸ்தவர்கள். 2008 மார்ச் 9இல் அங்கே கலவரம், துப்பாக்கிச் சூடு, 2 உயிர்கள். தீண்டாமை தன் வீட்டுக்குள் இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் தாங்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஆக, சாதி இருக்கிறது என்று திருச்சபைக்குத் தெரியும். பிறகு ஏன் பிரசங்கம் மட்டும் எங்கள் அம்மாவை நோக்கியே வருகிறது?

நானும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறேன். அதில் இயேசு நோயாளியிடமும் ஏழையிடமும் நம்பு என்கிறார். எல்லாவற்றையும் விற்றுவிட்டு என் பின்னால் வா என்று பணக்கார வாலிபனிடம் சொல்கிறார். அவன் முகம் வாடித் திரும்பிப் போகிறான். விட்டுவிட்டு வரச் சொன்னது நிறைய வைத்திருந்தவனிடம். இங்கே அது தலைகீழாகிவிட்டது. சாதியை, சொத்தை, கல்லூரி நிர்வாகத்தை, கல்லறைச் சுவரை விட்டுவிட்டு வா என்று எந்த மேடையிலும் யாரிடமும் சொல்வதில்லை. கையில் இருப்பது ஒரே ஒரு சான்றிதழ் என்றிருப்பவளிடம் போய், அதை விட்டுவிட்டு வா என்கிறார்கள்.

அம்மாவுக்கு நம்பிக்கை குறைவா? முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். அதற்குப் பிறகும் இந்தப் பட்டியல் நிற்கவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் மறுநாள் விடியும், ஆபீஸ் வண்டி வந்து நிற்கும், அம்மா வாசலில் நின்று ஒரு நிமிடம் ஜெபம் பண்ணிவிட்டு ஏறுவார். மருந்தோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரின் ஜெபத்துக்கு முன்னால், ஞாயிறு காலையில் கார் நிறுத்த இடம் தேடுகிறவரின் விசுவாசத்தை வைத்து எடை போடுங்கள்.

நம் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. "ஏன் இன்னும் இயேசுவைப் பிடிச்சுக்கிட்டு? அம்பேத்கர் காட்டிய வழி இருக்கே" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அவரோடு பௌத்தம் ஏற்றவர்களும் இதே பத்தியால் 34 ஆண்டுகள் தண்டிக்கப்பட்டார்கள். இந்து மதத்தை விட்டு வெளியேறும் கதவுக்கு அரசு வைத்திருக்கும் பூட்டு இது. எந்தக் கதவு வழியாகப் போகிறாய் என்று கேட்டு மக்களைக் கேலி செய்வதை விட்டுவிட்டு, பூட்டை உடைக்க வாருங்கள். நம்புவதா வேண்டாமா என்பதை அம்மா பார்த்துக்கொள்வார்.

1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கக் கோரும் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2004இல் போடப்பட்டது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் நீக்கச் சொன்னது. ஒன்றிய அரசு அதை ஏற்காமல் 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்ட கட்சிகள் அதோடு கையைக் கழுவிவிடக் கூடாது. ஒவ்வொரு நாடாளுமன்றக் கூட்டத்தொடரிலும் இதைக் கேட்க வேண்டும்.

திருச்சபை சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பள்ளிகளில், கல்லூரிகளில், மருத்துவமனைகளில் தலித் கிறிஸ்தவர்களுக்கு எத்தனை இடம், எத்தனை வேலை என்று கணக்கை வெளியிடுங்கள். கல்லறைச் சுவர்களை இடியுங்கள். சான்றிதழுக்காக வெளியே நிற்பவரை மறுதலித்தவர் என்று மேடையிலிருந்து இகழ்வதை நிறுத்துங்கள். அப்பத்தை அவர் கையிலும் கொடுங்கள். யூதாசும் இருந்த பந்தி அது.

சிவகாசியை ஒட்டி சாட்சியாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரிலேயே சாட்சி. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு அம்மா நினைவு வரும். 27 ஆண்டுகளாகத் தட்டைத் தொட்டு, எடுக்காமல், அடுத்தவருக்குக் கொடுத்த அந்தக் கையை விடப் பெரிய சாட்சி இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடுவேன். அம்மா தண்ணீரில் இறங்கலாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"உனக்கு வேலை கிடைக்கட்டும்யா" என்றார்.