10-க்கும் 1.5-க்கும் இடையே லங்காட் ஆறு

லங்காட் ஆற்றில் அமோனியா கூடியதால் 2014 பிப்ரவரியில் டெங்கில் வட்டாரத்தின் புக்கிட் தம்போய் நீர் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. அமோனியா பல வழிகளில் ஆற்றில் சேரும். மேலே உள்ள ஊர்களின் கழிவுநீர் அதில் ஒன்று. உடனே எழும் கேள்வி, ‘யார் விதியை மீறியது?’ விதியே போதுமா என்பதை யாரும் கேட்பதில்லை.

குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேலே அமையும் புதிய கழிவுநீர் நிலையம், 2009 விதிமுறைப்படி, லிட்டருக்கு 10 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் வரை ஆற்றில் விடலாம். பழையவற்றுக்கு இன்னும் தளர்வு. குடிநீருக்கு எடுக்கும் ஆற்றுநீரிலோ 1.5 மில்லிகிராம்தான் வரம்பு. மீதியை ஆற்றின் நீரோட்டம் கரைத்துவிடும் என்பது கணக்கு. வறட்சியில் அந்தக் கணக்கு பொய்க்கிறது. அமோனியா கூடினால் குளோரின் அதனோடு சேர்ந்தே தீர்ந்துவிடும், கிருமியழிக்க மிச்சமிருக்காது.

கழிவுநீரில் காற்றைக் கூடுதலாகச் செலுத்தினால் அமோனியா குறையும், மின்கட்டணம் ஏறும். வீட்டுக் கழிவுநீர்க் கட்டணமோ பல ஆண்டுகள் மாதம் 8 ரிங்கிட்டிலேயே நின்றது.